உங்களுக்குத் தெரியுமா? பழைய வண்டியும் ‘மிஸ்ஸிங்’ கோளாறும்

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டிகள் இன்னும் குடும்பத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கின்றன. மொடச்சூர் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் ஆம்னி, பால் கேன் தொங்கும் டி.வி.எஸ். எக்ஸெல், தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் அம்பாசடர், வாழைத்தார் இழுக்கும் டிராக்டர். இவற்றில் ‘மிஸ்ஸிங்’, அதாவது சிலிண்டர் இடையிடையே எரியாமல் போகும் கோளாறு, வந்ததும் பிளக், காயில், கார்பரேட்டர் என்று வரிசையாகப் புதிது வாங்கிப் போடுவதில்தான் பணம் கரைகிறது. வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க உதவும் தகவல்கள் இவை.

கணக்கும் காரணமும்

★ நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். ஐடிலிங் 800 சுற்று என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும். 3,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் அம்பாசடருக்கு ஒரு நொடிக்கு 100 ஸ்பார்க் தேவை. இதில் சில தவறினாலே வண்டி உதறும்.

★ 1983-ல் வந்த மாருதி 800, அடுத்த ஆண்டு வந்து பின்னாளில் ஆம்னி என்று பெயர் பெற்ற மாருதி வேன் இரண்டிலும் இருப்பது 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். ஒரு சிலிண்டர் படுத்தால் அம்பாசடரில் போவது கால் பங்கு பலம். ஆம்னியில் மூன்றில் ஒரு பங்கு. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களை உருவாக்கினார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சந்தைக்குப் போகும் ஆம்னியும் அந்தப் பந்தயக் கார்களும் ஒரே எஞ்சின் வம்சம்.

★ எஞ்சின் எரிய மூன்று தேவை: சரியான நேரத்தில் ஸ்பார்க், சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதுமான கம்ப்ரஷன். உலகத்தில் எந்த பெட்ரோல் வண்டியில் மிஸ்ஸிங் வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். மூன்றில் எது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

★ கொங்கு நாட்டில் மோட்டார் அறிவு நேற்று வந்ததில்லை. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். கோவையில் அவர் முயற்சியால் 1945-ல் உருவான தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கோவை அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில், கையால் திறந்து பார்த்துப் பழுது பிடிக்கிற காலத்து எஞ்சின்களை நேரிலேயே காணலாம்.

முதல் கருவி, கேள்வி

★ ‘வண்டி மிஸ் ஆகுதுங்கண்ணா’ என்றதும் நல்ல மெக்கானிக் பானட்டைத் திறக்க மாட்டார். ‘எப்பங்க ஆகுது? சும்மா நிக்கறப்பவா, மேட்டுல ஏறறப்பவா? காத்தால முதல் ஸ்டார்ட்டுலயா, சூடான பொறகா?’ என்று கேட்பார். அந்தக் கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

★ ஐடிலிங்கில் மட்டும் மிஸ் ஆகி, ரேஸ் பண்ணினால் சரியாகிறதா? காற்றுக் கசிவு, கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைப்பு, டேப்பட் இறுக்கம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். லோடில் மட்டும் வந்தால் பிளக், ஹெச்.டி. வயர் (பிளக் வயர்), காயில். வேகம் கூடும்போது மட்டும் வந்தால் பெட்ரோல் பற்றாக்குறை அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் ஸ்பிரிங் தளர்வு. அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் வந்தால் சூட்டில் பலமிழக்கும் காயிலையோ கண்டன்சரையோ பார்க்க வேண்டும். இவை சந்தேகங்கள்தான், தீர்ப்பைச் சோதனைதான் சொல்லும்.

★ கோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 213 மீட்டர் உயரம். பண்ணாரியைத் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் திம்பம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். ஊருக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி அந்த ஏற்றத்தில் திணறக் காரணம் உண்டு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட ஸ்பார்க் தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்த பிளக்கும் கசியும் வயரும் அப்போதுதான் தோற்கின்றன. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் கார்பரேட்டர் கலவையும் கொஞ்சம் ரிச்சாகி (பெட்ரோல் பங்கு கூடி), பிளக்கில் கரி படிகிறது.

எந்த சிலிண்டர்?

★ பாயிண்ட் வைத்த பழைய கார்களில் ஐடிலிங்கில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பது காலங்காலமாக உள்ள சோதனை. நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் சத்தம் உடனே இறங்கும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் படுத்துக் கிடக்கும் சிலிண்டர் அதுதான். இன்சுலேஷன் உள்ள குறடு கட்டாயம். கழற்றிய வயரை அந்தரத்தில் விடாமல் எஞ்சின் பாடியில் எர்த் கொடுக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பக்கத்தில் நிற்கவே கூடாது.

★ வயரைத் தொட பயமா? குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரியும் சிலிண்டரின் கிளையில் சொட்டு ‘சுர்’ரென்று ஆவியாகும், எரியாததன் கிளையில் அப்படியே வழியும்.

★ இந்தத் தண்ணீர்ச் சோதனை அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சினில் முழு விடை தராது. அந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் வழிகள் மூன்றுதான். 2-ம் 3-ம் சிலிண்டர்கள் நடுவழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவில் சூடு குறைந்தால் இரண்டில் எது என்று வயரைக் கழற்றித்தான் பிரிக்க வேண்டும்.

★ அம்பாசடர், பிரீமியர் பத்மினி இரண்டிலும் எரியும் வரிசை 1-3-4-2. பழைய மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைக்கக் கழற்றிவிட்டு இரண்டு வயரை மாற்றிச் செருகியதால் வந்த மிஸ்ஸிங் ஏராளம். கழற்றும் முன் ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய சிறு டேப்பை ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும்.

★ செலவே இல்லாத, ஆனால் மிக நம்பகமான சோதனை இடமாற்றம். 2-ம் சிலிண்டரில் மிஸ் என்றால் அதன் பிளக்கை 3-க்கும், 3-ன் பிளக்கை 2-க்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு 3-க்குப் போனால் குற்றவாளி பிளக். 2-லேயே நின்றால் பிளக் நல்லது. அடுத்து வயரை இதேபோல மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரியானது என்று கடைசி வரை தெரியாது.

ஸ்பார்க்

★ பிளக் முனை இளம் காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் கைடு தேய்மானம். வெளுத்துப் பொரிந்திருந்தால் கலவை லீன் (பெட்ரோல் பங்கு குறைவு) அல்லது எஞ்சின் அதிக சூடு. வெகுநேரம் ஐடிலிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சத்தி ரோட்டில் நல்ல வேகத்தில் ஓட்டி, உடனே எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் கழற்றிப் பார்த்தால்தான் நிறம் உண்மை பேசும்.

★ பிளக் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து கடைவீதிக்கும் கடைவீதியிலிருந்து வீட்டுக்கும் மட்டும் போகும் வண்டிகளில் பிளக் அடிக்கடி கறுப்பதற்கு இதுவே காரணம்.

★ அம்பாசடர் பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். சாதாரண ஆக்ஸா பிளேடின் தடிமனும் ஏறக்குறைய அதேதான். ஃபீலர் கேஜ் இல்லாத பட்டறையில் பிளக் இடைவெளிக்கு உடைந்த ஆக்ஸா பிளேடு பயன்பட்டதற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம்.

★ வெளியே கழற்றி எர்த்தில் வைத்துப் பார்த்தபோது நன்றாகத் தெறித்த பிளக், உள்ளே போனதும் தெறிக்காமல் போகலாம். திறந்த வெளியில் ஸ்பார்க் தாண்டக் குறைந்த வோல்ட் போதும். அழுத்தத்தில் பல மடங்கு வேண்டும். ஆகவே ‘வெளியே ஸ்பார்க் வருது’ என்பதை மட்டும் வைத்து பிளக்குக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது.

★ பாயிண்ட், கண்டன்சர், காயில் சேர்ந்த பேட்டரி இக்னிஷனை உருவாக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910-ல் கேடிலாக் கார்களில் வந்த அந்த முறைதான், எழுபது எண்பது ஆண்டுகள் கழித்தும் நம் ஊர் அம்பாசடரில் ஓடியது. பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் 15,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் அந்த மின்சாரம் பிறக்கிறது. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். இத்தகைய மின்பொருள்களை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தது.

★ லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. அளவு சரியாக வைத்தும் நிற்காமல் மிஸ் ஆகிறதா? ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருந்தால் ஒரு சிலிண்டருக்கு ஓர் இடைவெளி, அடுத்ததற்கு வேறு இடைவெளி. புது பாயிண்ட் எத்தனை போட்டாலும் அது தீராது. பாயிண்ட் சீக்கிரம் கருகிக் குழி விழுந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

★ டைமிங் லைட் டைமிங் வைக்க மட்டும் இல்லை. அதன் கிளிப்பை மிஸ் ஆகும் சிலிண்டரின் வயரில் மாட்டுங்கள். எஞ்சின் உதறும்போது வெளிச்சமும் விட்டு விட்டு வந்தால் கோளாறு இக்னிஷனில். வெளிச்சம் ஒரே சீராக வந்தும் எஞ்சின் உதறினால் காயிலையும் பாயிண்டையும் மறந்துவிட்டு பிளக், பெட்ரோல், கம்ப்ரஷன் பக்கம் போகலாம். ஒரே பார்வையில் பாதிப் பட்டியல் குறைந்துவிடும்.

★ இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், கசியும் ஹெச்.டி. வயரில் நீலப் பொறி தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் மட்டும் மிஸ் ஆகும் வண்டிக்கு இது நல்ல சோதனை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே பென்சில் கோடுபோல மெல்லிய கருங்கோடு ஓடினால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே போய்க்கொண்டிருக்கிறது. அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றியாக வேண்டும்.

★ தோட்டத்துக் கொட்டகையில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் எலி கடித்த வயர், அணில் சேர்த்த நார், குளவிக் கூடு எல்லாம் இருக்கலாம். மாதம் ஒருமுறை மட்டும் எடுக்கும் வண்டிக்கு முதல் சோதனை கண்ணால் பார்ப்பதுதான்.

★ எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தாலும் மிஸ்ஸிங் வரும். ஸ்டார்ட்டர் ஓடும்போது ஆக்சிலேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சுட்டால் அதுவே அடையாளம். நல்ல எர்த் கிடைக்காத மின்சாரம் கேபிள் வழியே வழி தேடுகிறது.

பெட்ரோலும் காற்றும்

★ கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் வெடித்தால் அளக்காத காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் மிஸ், ரேஸில் சரி என்பது இதன் குணம். சந்தேகப்படும் மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பது தீ விபத்தில் முடியும்; யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

★ பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். கலவை சரியாக எரிய சுத்தப் பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. 20 சதவீத எத்தனாலில் சுமார் 13.5. இன்ஜெக்‌ஷன் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லாததால் கலவை லீனாகி மிஸ் ஆகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் ஊறவைக்கும். நாள்பட நிற்கும் வண்டியில் டேங்க் அடியில் சேரும் தண்ணீரையும், ஃபில்டரில் சேரும் அழுக்கையும் முதலில் பாருங்கள்.

★ சித்திரை வெயிலில் ஓடி நின்ற அம்பாசடர் மீண்டும் கிளம்பாமல் இருமுவது ஏன்? எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்ப் ஆவியைத் தள்ள முடியாது. பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது வெறும் நம்பிக்கை இல்லை, சரியான இயற்பியல்.

★ பெட்ரோலில் சீராக ஓடி, கேஸுக்கு மாற்றியதும் மிஸ் ஆகும் ஆம்னியில் கேஸ் கிட்டை முதலில் குறை சொல்ல வேண்டாம். எல்.பி.ஜி. எரியப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். பெட்ரோலில் மறைந்திருந்த பிளக், வயர் பலவீனம்தான் கேஸில் வெளிப்படுகிறது.

★ இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் மெதுவாகப் போகும்போது ‘டக்... டக்-டக்’ என்று ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவது பெரும்பாலும் கோளாறு இல்லை. குறைந்த த்ராட்டிலில் எரிந்த புகை சிலிண்டரில் தங்கிவிடுவதால் அடுத்த தடவை எரியாமல் போகிறது. த்ராட்டில் கொடுத்ததும் அது மறைய வேண்டும். மறையவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, இரண்டு முனைக்கும் நடுவில் கரி மயிரிழைபோல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்ரஷன்

★ எல்லா பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பைப் பிரித்து, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்து, கேஜ் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். தனித்தனி அளவைவிட சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

★ நாடு முழுதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது. குழந்தைகளின் மூளைக்கு அது செய்த கேட்டை நினைத்தால் நின்றது எவ்வளவோ நல்லது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் ஈயப் படிவுதான் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்குக் காப்பாக இருந்தது. அது இல்லாமல் சீட் தேயத் தேய வால்வ் மேலேறி, டேப்பட் இடைவெளி குறையும். கடைசியில் வால்வ் முழுதாக மூடாது. அப்போது மிஸ்ஸிங் வரும், வால்வும் கருகும். டேப்பட் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டால் சந்தோஷப்படாமல் அளந்து பாருங்கள்.

★ சைலன்சர் வாயருகே ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். நல்ல எஞ்சின் அதைச் சீராக வெளியே தள்ளும். இடையிடையே காகிதம் உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வ் கருகியிருக்க வாய்ப்பு அதிகம். காகிதச் செலவு மட்டும்தான்.

டீசலும் புது வண்டியும்

★ பழைய டீசல் டிராக்டரிலும் டீசல் ஜீப்பிலும் ஸ்பார்க் பிளக் இல்லை. எந்த சிலிண்டர் என்று பிடிக்க, ஐடிலிங்கில் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். சத்தம் மாறாதது எரியாத சிலிண்டர். டீசல் சீறும் இடத்தில் கை வைக்கக் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல்.

★ புது கார்கள் மிஸ்ஸிங்கை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? ஒரு சிலிண்டர் எரியாத கணத்தில் கிராங்க் ஷாஃப்ட்டின் வேகம் இம்மியளவு குறைகிறது. அதை சென்சார் எண்ணிவிடுகிறது. அமெரிக்காவில் 1996 முதல் இது கட்டாயம். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0300 என்றால் பல சிலிண்டர். ஆனால் ஸ்கேனர் சொல்வது எந்த சிலிண்டர் என்பதை மட்டும்தான். ஏன் என்பதை அங்கேயும் மனிதர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

தள்ளிப்போட வேண்டாம்

★ எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி, ரிங்கைத் தேய்த்து, கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை அடித்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதே பெட்ரோல் அங்கே போய் எரிந்து, உள்ளேயுள்ள பீங்கானையே உருக்கிவிடும். ஒரு பிளக்கின் விலையில் முடிந்திருக்க வேண்டியது பெரிய செலவாகிறது.

★ பட்டறைக்குப் போகும் முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது மிஸ் ஆகிறது, குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா, கடைசியாக எந்த வேலை பார்த்தது, கடைசியாக எங்கே, எப்போது பெட்ரோல் போட்டது. ‘எப்படியோ ஓடுது, பாருங்க’ என்று சாவியைக் கொடுப்பதைவிட இது மெக்கானிக்கின் அரை நாளை மிச்சம் பிடிக்கும்.

★ வரிசை இதுதான்: கண்ணால் பார், எந்த சிலிண்டர் என்று பிடி, பிளக்கையும் வயரையும் இடம் மாற்று, ஸ்பார்க், பெட்ரோல், காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் என்று போ, ஹெட்டைக் கடைசியில் திற. புதுப் பொருளுக்குக் கேட்ட விலை கொடுக்கும் நாம், ஒன்றும் மாற்றாமல் ஒரு மணி நேரம் சோதித்த மெக்கானிக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம்தான் நல்ல மெக்கானிக்கையும் தேவையில்லாத பொருளை மாற்ற வைக்கிறது. சோதித்த நேரத்துக்கு மனமாரக் கூலி கொடுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான செலவு அதுதான்.